அமெரிக்காவில் படிக்க: ஐ-20 முதல் எஃப்-1 விசா வரை முழுமையான வழிகாட்டி

அட்மிஷன் கடிதம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. நடுவில் ஐ-20 என்ற படிவம் இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு தாளும் இந்த ஐ-20-ஐப் பார்த்துத்தான் நிரப்பப்படுகிறது. அதில் பெயரோ, பணமோ, தேதியோ தவறினால் அந்தத் தவறு விசா வரைக்கும், சில சமயம் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகும் கூடவே வரும். அதனால் இந்த வழிகாட்டியில் நேர்காணலை விட ஐ-20-க்கு முந்தைய வேலைகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் யார் எதைத் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐ-20 பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து வருகிறது. அதில் கையெழுத்திடும் அதிகாரியை டிஎஸ்ஓ என்பார்கள். எஃப்-1 விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறையின் தூதரகம் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருகிறது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவை, நாட்டுக்குள் கால் வைக்கும்போது எல்லை அதிகாரி போடுகிறார். மூன்றும் வெவ்வேறு கைகள். விசா தாமதமானால் பல்கலைக்கழகத்தால் அதை வேகப்படுத்த முடியாது. ஐ-20-ல் பிழை இருந்தால் தூதரகம் அதைத் திருத்தித் தராது.

வழக்கமான பட்டப்படிப்புக்கு எஃப்-1. அரசு உதவித்தொகையிலோ பரிமாற்றத் திட்டத்திலோ போகிறவர்களுக்கு ஜே-1. அவர்களுக்கு ஐ-20-க்குப் பதில் டிஎஸ்-2019. ஜே-1-ல் சிலருக்கு, படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். இனி எழுதுவதெல்லாம் எஃப்-1 பற்றியது.

கல்லூரியைச் சரிபார்ப்பது

எஃப்-1 மாணவரைச் சேர்க்க, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் எஸ்இவிபி என்ற வெளிநாட்டு மாணவர் திட்டத்தின் சான்றிதழ் அந்தக் கல்லூரிக்கு இருக்க வேண்டும். அத்துறை நடத்தும் 'ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்' தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. மிச்சிகனில் 'யுனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன்' என்று ஒன்று இருந்தது. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையே உருவாக்கிய போலிப் பல்கலைக்கழகம் அது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 2019 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபோது சிக்கிய மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். அதற்கு முன் 2011-ல் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் சோதனை நடந்து, அங்கே பதிவு செய்திருந்த இந்திய மாணவர்களின் நிலை திண்டாட்டமானது.

ஆகவே சில கேள்விகளுக்கு நீங்களே விடை தேடுங்கள். நேரடி வகுப்புகள் எந்தக் கட்டடத்தில் நடக்கின்றன? ஆசிரியர் பட்டியல் இருக்கிறதா? உங்கள் துறையில் முன்பு படித்தவர் யாரிடமாவது பேச முடிகிறதா? 'சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை செய்யலாம், வகுப்புக்கு வரத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள். எஜுகேஷன்யுஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் ஆலோசனை மையம் சென்னையிலும் கொழும்பிலும் இருக்கிறது. பொதுவான சந்தேகங்களுக்குக் கன்சல்டன்சியில் பணம் கட்டும் முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

பெயர்: தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல்

இனிஷியலோடு வாழ்கிறவர்கள் நாம். எஸ். கார்த்திகேயன் என்பவரின் மார்க்‌ஷீட்டில் 'கார்த்திகேயன் எஸ்' என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, இயற்பெயர்க் கட்டத்திலேயே 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்' என்று முழுதும் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. அமெரிக்கக் கணினிகளுக்கோ குடும்பப்பெயர் என்பது கட்டாயமான கட்டம்.

குடும்பப்பெயர் காலியாக இருந்தால் ஐ-20-ல் உங்கள் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விடும், இயற்பெயர் காலியாகிவிடும். விசாவில் அந்தக் காலி இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. அதோடு விடாது. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண் என்று போகிற இடமெல்லாம் அது ஒட்டிக்கொள்ளும். படிப்பு முடிந்து வேலைக்குப் போனவர்கள்கூட இன்னும் எஃப்என்யூ என்று அழைக்கப்படுகிறார்கள்.

இதற்கு ஒரே நல்ல வழி, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அப்பாவின் பெயரையோ வேறு விருப்பப் பெயரையோ குடும்பப்பெயராகப் பிரித்துக்கொள்வது. டோஃபெல், ஐஈஎல்டிஎஸ், ஜிஆர்ஈ தேர்வுகளுக்குப் பதிவு செய்வதற்கும் முன்னால் இதை முடித்துவிட்டால் இன்னும் நல்லது. ஐ-20 வந்த பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றுவதாக இருந்தால், பல்கலைக்கழகத்துக்குப் புதிய பாஸ்போர்ட் நகலை அனுப்பித் திருத்திய ஐ-20 வாங்கிய பின்பே விசாப் படிவத்தைத் தொடுங்கள். மார்க்‌ஷீட்டில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரிவும் இருப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அது அதிகாரிகள் தினமும் பார்ப்பதுதான். பாஸ்போர்ட், ஐ-20, விசாப் படிவம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்.

பணக் கணக்கு

பல்கலைக்கழகம் ஐ-20 தருவதற்கு முன், குறைந்தது முதல் ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கும். அந்தத் தொகை கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்ந்தது. எவ்வளவு என்று பல்கலைக்கழகமே தளத்தில் போட்டிருக்கும். ஓர் உதாரணம்: ஓராண்டுக்கு 48,000 டாலர் என்று போட்டிருக்கிறார்கள்; உங்களுக்கு 10,000 டாலர் உதவித்தொகை தருகிறார்கள் என்றால், மீதி 38,000 டாலருக்கு நீங்கள் தாள் காட்ட வேண்டும். ஆசிரியர் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கடிதமே ஆதாரம்.

எது பணமாகக் கணக்கில் வரும்? உடனே எடுக்கக்கூடியது வரும். சேமிப்புக் கணக்கு, எஃப்டி, வங்கியின் கல்விக் கடன் சாங்ஷன் லெட்டர் ஆகியவற்றைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். வீடு, நிலம், நகை மதிப்பீடுகளைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஆடிட்டர் போட்டுத் தரும் சொத்துக் கணக்கு விசா நேர்காணலில் துணைக்கு உதவலாம், ஐ-20 வாங்க உதவாது. பிஎஃப், காப்பீட்டுப் பாலிசி போன்றவற்றில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு விதம், மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

வங்கிக் கடிதம் ஆங்கிலத்தில், வங்கியின் தலைப்புத் தாளில், மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் கொண்டதாக இருக்க வேண்டும். சில மாதங்களுக்கு முந்தைய கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணக்கு அப்பாவின் பெயரிலோ மாமாவின் பெயரிலோ இருந்தால், 'இவர் படிப்புச் செலவை நான் ஏற்கிறேன்' என்று அவர் கையெழுத்திட்ட ஸ்பான்சர் கடிதமும் வேண்டும். கடன் வாங்குகிறவர்கள் அட்மிஷன் வந்ததும் வங்கிக்குப் போய்விட வேண்டும். பிணையமாக வைக்கும் சொத்தின் பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு என்று பிணையக் கடன் வாரக்கணக்கில் இழுக்கும்.

சில கன்சல்டன்சிகள் 'ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டு வைக்கிறோம், கமிஷன் கொடுங்கள்' என்று சொல்வார்கள். தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். பொய் ஆவணத்தாலோ பொய்த் தகவலாலோ விசா பெற முயன்றதாக முடிவானால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி அது நிரந்தரத் தடை. சாதாரண மறுப்பைப் போல அடுத்த மாதம் மறுபடி முயல்வதற்கு இல்லை. மாணவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் தண்டனை மாணவருக்குத்தான், கமிஷன் வாங்கியவருக்கு இல்லை. பணம் போதவில்லை என்றால் செலவு குறைந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், அல்லது சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிவைக்கக் கேளுங்கள். இரண்டுமே கௌரவமான வழிகள்.

ஐ-20 வந்ததும்

இப்போதெல்லாம் ஐ-20 மின்னஞ்சலிலேயே வருகிறது. டிஎஸ்ஓவின் மின்னணுக் கையெழுத்தும் செல்லும். அச்செடுத்து முதல் பக்கத்தின் அடியில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் போட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, குடியுரிமை நாடு, படிப்பின் நிலை, துறை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எல்லாம் சரியா? செலவுக் கட்டமும் வரவுக் கட்டமும் ஒத்துப்போகின்றனவா? உதவித்தொகை விட்டுப்போகவில்லையா? துறைக்குப் பக்கத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. படிப்பு முடிந்த பின் ஓபிடி என்ற 12 மாதப் பணிப் பயிற்சிக்கு மேல், அறிவியல் தொழில்நுட்பப் பிரிவினருக்கு இன்னும் 24 மாதம் கிடைக்கும். உங்கள் படிப்பு அந்தப் பிரிவில் வருமா என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மேலாண்மைப் படிப்புகளில் ஒன்று அதில் இருக்கும், மற்றது இருக்காது.

மேலே இடது பக்கம் 'என்' எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கம் வரும். அது செவிஸ் எண். மாணவர்களைக் கண்காணிக்கும் மத்திய தரவுத்தளத்தில் உங்களுக்கான அடையாளம். இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து ஐ-20 வாங்கியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் வேறு. எங்கே படிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்த ஐ-20-ஐ மட்டும் வைத்து அடுத்த படிக்குப் போங்கள்.

கணவன், மனைவி, 21 வயதுக்குக் கீழான பிள்ளைகள் கூட வருவதானால் அவர்களுக்கு எஃப்-2. ஒவ்வொருவருக்கும் தனி ஐ-20 வேண்டும், செலவுத் தொகையும் கூடும். எஃப்-2-ல் இருப்பவர் அங்கே வேலை செய்ய முடியாது. தனியாகச் செவிஸ் கட்டணம் கிடையாது.

கட்டணங்களும் டிஎஸ்-160-உம்

முதலில் ஐ-901 என்ற செவிஸ் கட்டணம்: எஃப்-1-க்கு 350 டாலர். இணையத்தில் கார்டு மூலம் கட்டி ரசீதை அச்செடுத்து வையுங்கள். செவிஸ் எண்ணை ஐ-20-ல் உள்ளபடியே போட வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் பணம் உங்கள் பெயரில் பதிவாகாது. கட்டிய பின் கல்லூரியை மாற்றினால் அந்தப் பணத்தைப் புதிய செவிஸ் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

அடுத்து டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம். இதை நீங்களே நிரப்புங்கள். வேறொருவர் உதவினாரா என்று படிவமே கேட்கிறது. அது பரவாயில்லை, ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நேர்காணல் ஜன்னல் முன் நிற்பதுதான் ஆபத்து. இருபது நிமிடம் எதுவும் தட்டாமல் விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். தொடக்கத்தில் வரும் விண்ணப்ப எண்ணையும் ரகசியக் கேள்வியின் விடையையும் குறித்து வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சேமித்துக்கொண்டே போங்கள். கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள், உள்ளதை எழுதுங்கள். 2025 ஜூனிலிருந்து மாணவ விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். உறவினர் யாராவது அமெரிக்காவில் இருந்தால் மறைக்க வேண்டாம். முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். மறுப்பு அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும்.

விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர்; விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தில் 250 டாலர் கூடுதல் விசாக் கட்டணம் ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. பணம் கட்டும் நாளில் தூதரகத் தளம் என்ன தொகை சொல்கிறதோ அதுவே கணக்கு. அப்பாயின்ட்மென்ட் பதிவில் கொடுத்த டிஎஸ்-160 எண்ணும், கையில் கொண்டுபோகும் உறுதித் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை கண்டு புதுப் படிவம் போட்டவர்கள் பதிவிலும் எண்ணை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

ஸ்லாட்

இந்தியாவில் டெல்லித் தூதரகமும் சென்னை, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா துணைத் தூதரகங்களும் விசா நேர்காணல் நடத்துகின்றன. இலங்கையில் கொழும்புத் தூதரகம். ஸ்லாட், அதாவது நேர்காணலுக்கான நாளும் நேரமும், கிடைக்கவில்லை என்று துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பறந்து போய் விண்ணப்பித்த காலம் முடிந்தது. குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

படிப்பு தொடங்கும் தேதிக்கு 365 நாள் முன்பிருந்தே எஃப்-1 விசா வழங்கலாம். ஆகஸ்டில் வகுப்பு என்றால் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2025-ல் மே கடைசியில் புதிய மாணவர் நேர்காணல்களை நிறுத்தி, ஜூன் 18-க்குப் பிறகே திரும்பத் திறந்தார்கள். ஏப்ரலிலேயே ஐ-20 வாங்கி மே தொடக்கத்துக்குள் நேர்காணலை முடித்தவர்களுக்கு அந்த வாரங்கள் பொருட்டாகவே இல்லை. மற்றவர்கள் இரவெல்லாம் தளத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்லாட் பிடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் இரண்டு அப்பாயின்ட்மென்ட். விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும் ஒரு நாள். தூதரகத்தில் நேர்காணல் இன்னொரு நாள். சென்னையில் நேர்காணல் அண்ணா சாலை ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில் உள்ள துணைத் தூதரகத்தில். செல்போன், பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். தாள்களை ஒளி ஊடுருவும் கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஜன்னல் முன்னால்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 214(பி) சொல்வது இது: விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. இதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். கட்டுக் கட்டாகக் கொண்டுபோன தாள்களை அதிகாரி கேட்காமலே முடிவு செய்துவிடலாம். பாஸ்போர்ட், ஐ-20, செவிஸ் ரசீது, டிஎஸ்-160 உறுதித் தாள், அப்பாயின்ட்மென்ட் தாள் ஆகியவை மேலே இருக்கட்டும். மதிப்பெண் சான்றிதழ்கள், தேர்வு மதிப்பெண்கள், பணத் தாள்கள் அடியில்.

ஏன் இந்தப் பல்கலைக்கழகம், ஏன் இந்தப் படிப்பு, யார் செலவு செய்கிறார்கள், அவர் என்ன தொழில் செய்கிறார், படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள். சுற்றிச் சுற்றி இவைதான் கேள்விகள். மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். பக்கத்து ஜன்னலிலும் அதே வாக்கியத்தை அவர்கள் கேட்டிருப்பார்கள். 'நல்ல ஆய்வு வசதி, சிறந்த ஆசிரியர்கள்' என்பதை எந்தக் கல்லூரிக்கும் சொல்லலாம். உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள இரண்டு பாடங்களின் பெயரைச் சொல்லி, இளங்கலையில் செய்த புராஜெக்டோடு அது எப்படிச் சேர்கிறது என்று சொல்லுங்கள். அப்பா விவசாயி என்றால் விவசாயி என்றே சொல்லுங்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர், கடன் எந்த வங்கியில் என்று தெளிவாகச் சொல்பவரிடம் அதிகாரிக்குச் சந்தேகம் வர இடமில்லை. ஆங்கிலத்தில் தடுமாறினால் நிதானமாகச் சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம்.

மறுத்தால்

214(பி) தாள் கொடுத்தால் மேல்முறையீடு இல்லை. ஆனால் மறுபடி விண்ணப்பிக்கலாம். விசாக் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டும். செவிஸ் கட்டணம் 12 மாதத்துக்குள் என்றால் மறுபடி வேண்டாம். எதுவும் மாறாமல் அடுத்த வாரமே போய் நிற்பதில் பலன் குறைவு. எந்தக் கேள்வியில் பேச்சு தடைப்பட்டது என்று அன்றைக்கே எழுதி வைத்து, அதைச் சரிசெய்துகொண்டு போங்கள். 221(ஜி) என்றால் இன்னும் ஏதோ தாளோ கூடுதல் பரிசீலனையோ பாக்கி இருக்கிறது. கேட்ட தாளைச் சொன்ன வழியில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள தொழில்நுட்பத் துறைகளில் ஆய்வு செய்பவர்களுக்கு இது நேர்வது சகஜம். தொடக்கத் தேதி நெருங்கினால் டிஎஸ்ஓவுக்கு எழுதி, எவ்வளவு தாமதமாக வரலாம் என்று கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த பருவத்துக்குத் தேதி மாற்றிய ஐ-20 வாங்கலாம்.

விமானமும் அதற்குப் பின்னும்

விசா கையில் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், செவிஸ் எண், கல்லூரிப் பெயர் நான்கையும் ஐ-20-ஓடு ஒப்பிடுங்கள். ஐ-20-ல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நுழைய முடியாது. டிக்கெட் எடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள். பாஸ்போர்ட்டும் ஐ-20-உம் பணத் தாள்களும் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. அபுதாபி வழியாக எத்திஹாட் விமானத்தில் போகிறவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே நடந்துவிடும். அடுத்த விமானத்துக்கு இடைவெளி குறைவாக இருந்தால் சிரமம்.

ஐ-20-ல் கையெழுத்து இல்லை என்பது போன்ற குறை இருந்தால் எல்லை அதிகாரி ஐ-515ஏ என்ற தாளோடு 30 நாளுக்கு மட்டும் அனுமதிக்கலாம். அப்படி நடந்தால் அன்றைக்கே டிஎஸ்ஓவைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், போய்ச் சேர்ந்த ஓரிரு நாளில் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்து வகை எஃப்-1 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பி-2 என்ற சுற்றுலா வகையாகத் தவறாகப் பதிந்திருந்தால் சீக்கிரம் திருத்துவது எளிது.

அப்புறம் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் உங்களைச் செவிஸில் பதியாவிட்டால் உங்கள் நிலை ரத்தாகும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் புது முகவரியைச் சொல்ல வேண்டும். வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே அனுமதியில்லாமல் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. ஊருக்கு வந்து திரும்புவதாக இருந்தால் ஐ-20-ன் இரண்டாம் பக்கத்தில் டிஎஸ்ஓவின் பயணக் கையெழுத்து ஓராண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். துறை மாறும்போது, ஓபிடி வாங்கும்போது, படிப்பு நீளும்போது ஒவ்வொரு முறையும் புது ஐ-20 வரும். பழையதைக் கிழித்துப் போடாமல் எல்லாவற்றையும் வரிசையாக ஒரே கோப்பில் வையுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு வேலை விசாவுக்கோ பசுமை அட்டைக்கோ விண்ணப்பிக்கும்போது, முதல் நாளிலிருந்து மாணவர் நிலையில் ஒழுங்காக இருந்தீர்களா என்று கேட்டால் காட்ட வேண்டியது அவைதான்.